ஏரிக்கு வராத பறவை

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரை நடுப்புள்ளியாக வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடலாம். தெற்கே 40 கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல். கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் பள்ளிக்கரணை. வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையைத் தாண்டி நீளும் பழவேற்காட்டுக் காயல். தென்னேரி, உத்திரமேரூர், மதுராந்தகம் என்று பெயர்பெற்றவை தொடங்கி ஊருக்கு ஒன்றாகக் கிடக்கும் சிற்றேரிகள் வரை நூற்றுக்கணக்கான ஏரிகள் இந்த வட்டத்துக்குள் அடங்கும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். மழை முடிந்து இந்த ஏரிகளெல்லாம் நிறைந்து நிற்கும் தை, மாசி மாதங்களில்தான் பழவேற்காட்டில் பெரும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. ஆனால் நம் ஏரிகளில் அவற்றைக் காண்பது அரிது. தப்பித் தவறி இரண்டு இறங்கினால் அது பத்திரிகைச் செய்தியாகிவிடும். தொலைவைக் காரணம் சொல்ல முடியாது. ஸ்பெயினில் ஃபுவென்தே தே பியெத்ரா என்ற உவர் ஏரியில் குஞ்சு வளர்க்கும் பூநாரைகள், அந்த ஏரி வற்றத் தொடங்கியதும், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சதுப்புக்கு இரவில் பறந்துபோய் இரை தேடித் திரும்புகின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் காஞ்சிபுரத்து ஏரிகள் பழவேற்காட்டுக்குப் பக்கத்து வீடு. பறவை அவற்றைத் தெரியாமல் விடவில்லை, வேண்டாமென்றுதான் விடுகிறது.

பறவைகள் வரவேண்டுமானால் என்ன வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஏரி நிறைய வேண்டும் என்பார்கள். வேடந்தாங்கலுக்கு அது முழுக்கப் பொருந்தும். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் அங்கே நீருக்குள் நிற்கும் கடம்பு, கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் நீர் நின்றால்தான் நரியும் பூனையும் அண்டாது. சுற்றிலும் வயலும் ஏரியும் நனைந்திருந்தால்தான் குஞ்சுக்கு மீனும் நத்தையும் தவளையும் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் கூடுகள் குறைந்துபோவது இதனால்தான். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர்க்காரர்கள், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-லேயே கும்பினி கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். நீர், நெல், பறவை மூன்றும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வமான ஏற்பாடு அது. அதை எல்லா நீர்ப்பறவைக்குமான பொதுவிதியாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பூநாரை விஷயத்தில் நீர் கூடக் கூடப் பறவை குறையும். அதன் உடம்பில் நாம் வியக்கிற அலகு, கால், நிறம், கூடு எல்லாமே, மற்ற உயிர்கள் தங்கத் தயங்குகிற மெல்லிய, உவர்ந்த, நிலையில்லாத நீருக்காக அமைந்தவை. அப்படிப்பட்ட நீரைத் திருத்தி நல்ல நீராக்கினால் பறவை இடத்தைக் காலி செய்துவிடும். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது அதைத்தான்.

அலகிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் மீதி எல்லாம் அலகுக்குப் பின்னால் வருபவை. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு தரையைப் பார்க்கும்படி நீருக்குள் வைத்து உண்கிறது. பெரும்பாலான பறவைகளில் மேல் அலகின் அசைவு குறைவு, கீழ் அலகே அதிகம் அசையும். பூநாரையின் மேல் அலகோ மூடிபோல மெலிந்தது, தாராளமாக அசையக்கூடியது. கீழ் அலகு ஆழமான தொட்டி, அதற்குள் சதைப்பற்றான தடித்த நாக்கு. அந்த நாக்கு முன்னும் பின்னுமாக ஓடி நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. பெரும் பூநாரையில் நொடிக்கு நாலைந்து முறை, சிறு பூநாரையில் 20 முறை வரை. அலகின் ஓரங்களில் வரிசை வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள் நீரை விட்டுவிட்டு இரையை நிறுத்திக்கொள்கின்றன. அலகு ஏன் நடுவில் வளைந்திருக்கிறது என்பதற்கும் இங்கே விடை உண்டு. நேரான அலகைத் திறந்தால் நுனியில் இடைவெளி அகன்றும் அடியில் குறுகியும் இருக்கும். வளைந்த அலகைச் சற்றே திறந்தால் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி கிடைக்கும், வடிகட்டுவதற்கு வேண்டியது அதுதான். இந்தப் பொறியமைப்பை முதலில் விரிவாக ஆராய்ந்து 1957-இல் எழுதியவர் பெனலபி ஜென்கின். 2025-இல் விக்டர் ஓர்தேகா ஹிமேனஸ் தலைமையிலான குழு இதில் இன்னொரு படலத்தைச் சேர்த்தது. சிலி நாட்டுப் பூநாரைகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பறவை நீருக்குள் தலையைச் சட்டென்று மேலே இழுத்துச் சுழல்களை உண்டாக்குவதும், காலால் மிதித்துச் சேற்றைக் கிளப்புவதும், அலகை நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் படபடவென்று அடித்து இரையைத் தன் பக்கம் இழுப்பதும் தெரிந்தன. வாய்க்கு வருவதை வடிகட்டும் மந்தமான சல்லடை என்று அதை இனி நினைக்க முடியாது. நீரையே கலக்கி வேட்டையாடும் விலங்கு அது. காலால் தரையை மிதித்து, அதே நேரத்தில் அலகாலும் தரையைத் தொட வேண்டும் என்றால் நீர் எவ்வளவு ஆழம் இருக்கலாம் என்பதைப் பறவையின் உயரமே வரையறுத்துவிடுகிறது.

அந்த உயரம் பெரும் பூநாரைக்கு ஏறக்குறைய நாலிலிருந்து ஐந்தடி. காலின் நடுவில் பின்பக்கமாக மடிகிற இடத்தைப் பார்ப்பவர்கள் முழங்கால் என்பார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. (ஒற்றைக்காலில் நிற்பது ஏன் என்ற கேள்வியும் வராமல் போகாது. இறந்த பூநாரையின் உடலைக்கூடத் தசை முயற்சி எதுவுமின்றி ஒரு காலில் நிலையாக நிறுத்த முடிகிறது என்று 2017-இல் சாங், டிங் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பறவைக்கு அதுதான் ஓய்வு நிலை, நாம்தான் அதைத் தவம் என்று நினைத்துக்கொள்கிறோம்.) இங்கே ஒரு மறுப்பு எழும். பூநாரையின் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கிறது, அதற்கு நீந்தத் தெரியும், வாத்தைப்போலக் கவிழ்ந்து அடியில் மேயவும் தெரியும். அப்படியிருக்க ஆழம் எப்படித் தடையாகும்? நீந்த முடியும் என்பது சரி. ஆனால் நீந்திக்கொண்டே சேற்றை மிதித்துக் கலக்க முடியாது. கவிழ்ந்து மேய்வதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் இரைக்கு ஈடாக வேண்டும். கூடுதல் வலுவுள்ள மறுப்பு சிறு பூநாரையிடமிருந்து வருகிறது. அது சேற்றை நம்பியிருப்பதில்லை. மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறார்களே, அந்த ஸ்பைருலினா வகைப் பாசிதான் அதன் முக்கிய உணவு. நீரின் மேல்பரப்பில் சில அங்குலத்துக்குள் மிதக்கும் பாசியை நீந்தியபடியே அது வடிகட்டும். ஆகவே சிறு பூநாரைக்கு ஆழம் நேரடிக் கட்டுப்பாடு ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் கட்டுப்பாடு வேறு வழியில் வருகிறது. நீர் பெருகினால் உப்பு நீர்த்துப்போகும், உப்பு நீர்த்தால் அந்தப் பாசியும் குறையும்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? பூநாரைக்கு உப்பின்மேல் தனி ஆசை ஒன்றும் கிடையாது. கிடைத்தால் நல்ல நீரைக் குடிக்கும். கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பிகள் உடம்பில் சேரும் மிகை உப்பைப் பிரித்து நாசி வழியே வெளியேற்றுகின்றன. அதாவது உப்பைச் சகித்துக்கொள்வதற்கு அது விலை கொடுக்கிறது. அந்த விலைக்கு என்ன பெறுகிறது என்பதற்கான நல்ல சான்று பெரு நாட்டு ஆண்டிஸ் மலை ஏரிகளிலிருந்து கிடைத்தது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட்டும் உடனாய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மீன் உள்ள ஏரிகளில் பூநாரை அரிதாகவும், மீன் இல்லாத ஏரிகளில் மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார்கள். மீனும் பூநாரையும் உண்பது ஒரே சிற்றுயிர்களை. நல்ல நீரில் மீன் முந்திக்கொள்ளும். நீர் உவர்க்க உவர்க்க மீன் வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, உவர்நீர் இறாலும் சில ஈக்களின் புழுக்களும் பாசியும் போட்டியின்றிப் பெருகும். உப்பு பூநாரைக்கு உணவில்லை, வேலி.

வேலி என்று சொன்னதும் கூர்மையான வாசகர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: நம் ஏரிகளும் கரைப்பக்கம்தானே ஆழம்? மதகுக்கு எதிர்ப்பக்கம், நீர் உள்ளே வரும் மேட்டில், ஒரு முழத்துக்கும் குறைவான நீர் பல ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. சித்திரையில் ஏரியே குட்டையாகிவிடுகிறது. அப்போதாவது பூநாரை வரலாமே? ஆழம் மட்டும் போதாது என்பதுதான் இதற்கு விடை. நல்ல நீர் ஏரியின் மேட்டுப்பக்கத்தைக் கோரையும் சம்பும் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பிடித்துக்கொள்கின்றன. காலால் கலக்கக்கூடிய வெறும் சேற்றுத்தரையும் அங்கே இராது, நரி வருவது தூரத்திலேயே தெரிகிற திறந்த வெளியும் இராது. ஏரி வற்றும்போது எஞ்சிய குட்டையில் திரள்வது மீன். அது கூழைக்கடாவுக்கும் கொக்குக்கும் விருந்து, பூநாரைக்குப் போட்டியாளர்களின் கூட்டம்.

இன்னொரு கேள்வி பழவேற்காட்டைப் பற்றியது, இது இன்னும் நேரடியானது. பழவேற்காடு தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்கிற ஊர். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை வீசலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடே அங்கே உண்டு. மீன் நிறைந்த நீரில் பூநாரையும் நிறைந்திருக்கிறதே, அப்படியானால் பெரு நாட்டுக் கதை இங்கே எடுபடுமா? காயலை ஒரே நீராகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பழவேற்காட்டின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தெற்கே முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் அலைநீர் ஏறி இறங்குகிறது, மீனும் இறாலும் நண்டும் அங்கேதான் மிகுதி. வடக்கே, ஆந்திரப் பகுதியில், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை காயலைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடத்தில் மிக மெல்லிய நீர் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவரும் நீரால் காயலின் உப்பு வெகுவாக இறங்கும். கோடையில் அதே நீர் வெயிலில் சுண்டிக் கடலைவிட உவர்ப்பாகும். பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் இந்தச் சுண்டும் ஓரங்களில்தான் நிற்கிறது. வலைக்காரரும் பறவையும் ஒரே காயலில் வெவ்வேறு நீர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவது மீனவர்களின் நெடுநாள் குறை. அதைப் பறவைக்கு எதிரான கோரிக்கையாகப் பார்க்க வேண்டியதில்லை. வாய் அடைபட்டால் மழைநீர் வடிய வழியின்றி நெடுநாள் தேங்கும், சேற்றுத்தரை வெளிப்படுவது தள்ளிப்போகும். வாய் திறந்திருந்தால் பொங்கலுக்குப் பிறகு நீர் இறங்க இறங்கப் புதிய ஓரம் தினந்தோறும் திறக்கும்.

நீர் கூடினால் பூநாரை குறையும் என்ற கூற்றைச் சோதிப்பதற்கு உலகமே சில பரிசோதனைகளை நடத்திக் காட்டியிருக்கிறது, யாரும் கேட்காமலே. கென்யாவின் நகுரு ஏரி ஒருகாலத்தில் பூநாரைப் படங்களுக்குப் பேர்போனது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் மழை மிகுந்து ஏரி பெருத்தது, உப்பு நீர்த்தது, பாசி மெலிந்தது, சிறு பூநாரைகளின் பெருங்கூட்டம் வேறு ஏரிகளுக்குப் போனது. கிழக்கு ஆப்பிரிக்கச் சோடா ஏரிகளின் இருபதாண்டுக்கு மேலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, நீர்ப்பரப்பு விரிந்ததையும் பூநாரைக்கு உணவாகும் பாசி குறைந்ததையும் சேர்த்தே பதிவு செய்தது. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகரருகே காம்ஃபர்ஸ் அணையில் 2006-இல் பூநாரைகளுக்கென்றே ஒரு செயற்கைத் தீவு கட்டினார்கள். பறவைகள் ஏற்றுக்கொண்டன, சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தன. பிறகு நகரத்தின் கழிவுநீரும் மழையும் சேர்ந்து மட்டம் ஏற, தீவு மூழ்கியது. நம் நாட்டிலேயே பெரிய சான்று கட்ச் பெருவெளியில் இருக்கிறது. கட்ச் மன்னர் கேங்கார்ஜி 1893-இல் வெளியுலகுக்கு அறிவித்த பூநாரைக் குடியிருப்பை 1945-இல் சாலிம் அலி போய்ப் பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள் இருப்பதாகக் கணக்கிட்டார். ஆண்டின் பெரும்பகுதி வெடித்த உப்புத்தரையாகக் கிடக்கும் அந்த வெளி, மழைக்குப் பிறகு சில மாதங்கள் மெல்லிய நீர் நிற்கும் தட்டாகிறது. நீர் போதாவிட்டால் நரி நடந்து வந்துவிடும், மிஞ்சினால் கூடு கரைந்துவிடும். சேற்றைக் குவித்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குக் கட்டும் கூடு தாங்கக்கூடிய வேறுபாடு அவ்வளவுதான்.

கூட்டில் ஒரே முட்டை. அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், பிறகு குஞ்சு பறக்க இரண்டரை மாதம் அளவில். இத்தனை நாளும் நீர் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்க வேண்டும், ஏனென்றால் குஞ்சால் தானாக உண்ண முடியாது. பொரிக்கும்போது அதன் அலகு நேராக இருக்கிறது. வளைவும் தகடுகளும் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாயும் தந்தையும் தொண்டைப் பகுதியில் சுரக்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த சிவந்த பாலை ஊட்டுகின்றன. அந்தச் சிவப்பு இரத்தமில்லை, கரோட்டினாய்டு நிறமி. பெற்றோரின் சிவப்பும் அதே நிறமிதான், பாசியிலிருந்தும் உவர்நீர் இறாலிலிருந்தும் சேர்த்தது. பூநாரையால் அதைத் தானாக உண்டாக்க முடியாது, விலங்குக் காட்சிசாலைகளில் அந்த நிறமி இல்லாத தீவனம் கொடுத்தால் வெளுத்துவிடும். ஏனாத்தூரைச் சுற்றித் தறி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு விஷயம் சட்டென்று புரியும். பட்டில் நெய்த பிறகு சாயம் ஏற்றுவதில்லை, நூலில் ஏற்றிவிட்டுத்தான் நெய்கிறார்கள். இறகும் அப்படித்தான், முளைத்து வளரும்போது நிறமி ஏறினால் உண்டு, வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். அதற்குமேல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் பூச வேண்டும். பெரும் பூநாரை அதையும் செய்கிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயில் நிறமியைக் கலந்து இறகில் தேய்த்துக்கொள்வதையும், ஜோடி தேடும் பருவத்தில் இந்த ஒப்பனை மிகுவதையும், குஞ்சு வந்ததும் குறைவதையும் ஹுவான் அமாத்தும் உடனாய்வாளர்களும் 2011-இல் காட்டினார்கள். ஆகவே ஒரு பூநாரையின் சிவப்பு, அது கடந்த மாதங்களில் எப்படிப்பட்ட நீரில் நின்றது என்பதற்கான வரவு செலவுக் கணக்கு.

மும்பையைச் சொல்லி இந்த வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. தாணே கழிமுகத்தில் நகரத்தின் சாக்கடை கலக்கிறது. அங்கே பூநாரைகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது, 2015-இல் சரணாலயமே அறிவித்தார்கள். பறவைக்கு மெல்லிய உவர்நீர் வேண்டும், தொந்தரவு கூடாது என்றெல்லாம் சொல்வது மிகையில்லையா? கூர்ந்து பார்த்தால் தாணே இந்த வாதத்துக்குச் சாட்சியாகவே நிற்கிறது. அங்கே பெருங்கூட்டம் சிறு பூநாரைகளுடையது. சாக்கடையின் சத்து பாசியை வளர்க்கிறது, அலை நாளுக்கு இருமுறை வடிந்து சேற்றுத்தரையைத் திறந்துவிடுகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 2022-இல் கருவி பொருத்திய பறவைகள் மழைக்காலத்தில் குஜராத்துக்குப் போனதும் தெரிந்ததுதான். மும்பை அவற்றுக்குச் சாப்பாட்டுக்கடை, வீடு வேறிடத்தில். அந்தச் சாப்பாட்டுக்கடைக்கும் ஆபத்து உண்டு. 2024 மே மாதம் தரையிறங்க வந்த விமானம் ஒன்று மோதி நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பூநாரைகள் காட்கோபரில் ஒரே இரவில் விழுந்தன.

இவ்வளவு தூரம் பறக்கத் தெரிந்த பறவைக்கு ஓர் இடம் போனால் என்ன, இன்னொன்றுக்குப் போய்விடாதா என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதன் பறக்கும் திறன் நிலையில்லாத நீருக்கான பதில். எந்த ஒரு காயலும் எல்லா ஆண்டும் சரியான மட்டத்தில் இராது என்பதால்தான் அதற்குப் பல இடங்கள் வேண்டியிருக்கின்றன. தமிழகக் கரையில் பழவேற்காடு, பள்ளிக்கரணை, மரக்காணத்தருகே கழுவெளி, கோடியக்கரை, தனுஷ்கோடி என்று நீளும் வரிசையில் ஒன்றை ஆழமாக்கினாலும் ஒன்றை மேடாக்கினாலும் மீதியின்மேல் பாரம் ஏறும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது நல்ல செய்தி. எல்லைக்கல் நடுவது எளிது, நீர்மட்டத்துக்கு அறிவிக்கை போட முடியாது. நம் நிர்வாகத்துக்குப் பழக்கமான நீர்நிலைப் பணி தூர்வாருதல், ஆழப்படுத்துதல், கரையை உயர்த்துதல், கரைமேல் நடைபாதை. தென்னேரிக்கு அது மருந்து. பள்ளிக்கரணையின் சேற்றுத்தட்டில் அதையே செய்தால், கோடையில் நீர் இறங்கும்போது பூநாரைகள் வந்து நிற்கிற இடம் ஆழக்குளமாகி, வெறும் நீர்க்காகத்துக்கு மிஞ்சும். இத்தகைய தட்டுகள் முழுமையான நீரும் இல்லை, முழுமையான நிலமும் இல்லை என்பதால் வருவாய்க் கணக்கில் பயனற்ற புறம்போக்காக விழுந்தன. பள்ளிக்கரணையின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் போனது அந்த வழியில்தான்.

பறவைகள் இன்னும் ஆயிரக்கணக்கில் வருகின்றனவே என்ற ஆறுதலும் முழுமையானதில்லை. பூநாரை நெடுங்காலம் வாழும். அடிலெய்ட் விலங்குக் காட்சிசாலையில் 2014-இல் இறந்த பெரும் பூநாரைக்குக் குறைந்தது 83 வயது. பல ஆண்டுகள் குஞ்சே பொரிக்காமல் போனாலும் முதிய பறவைகள் வலசை வந்துகொண்டே இருக்கும், கணக்கெடுப்பின் மொத்தத் தொகை அசையாமல் நிற்கும். இளம் பறவைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை சாம்பல் கலந்த பழுப்பாக இருப்பதால் தொலைநோக்கியிலேயே அவற்றைப் பிரித்தறிய முடியும். ஜனவரிக் கணக்கெடுப்பில் அவற்றைத் தனியே எண்ணி, அதே நாளில் பறவைகள் நிற்கும் இடத்தின் ஆழத்தையும் உப்பையும் அளந்து குறித்து வைத்தால், பத்தாண்டில் பழவேற்காட்டைப் பற்றி மொத்தத் தொகை சொல்லாத பலவற்றை அந்த மூன்று எண்கள் சொல்லும். அதற்கு ஓர் அளவுகோலும் உவர்ப்புமானியும் போதும்.